2007 ஃபார்ச்சூனர் 3.0 டி-4டி 4x4, 2,48,000 கிமீ: வாங்கலாமா, விடலாமா?

டோங்காட்_கரும்பு:
வணக்கம். டர்பனுக்குத் தெற்கே, கடலோர அமன்சிம்டோட்டியில் ஒரு ஃபார்ச்சூனர் விற்பனைக்கு இருக்கிறது. 2007 மாடல், 3.0 டீசல், ஐந்து கியர் மேனுவல், 4x4. கேட்கிற விலை 1,65,000 ரேண்ட். விற்பவர் சொன்னது: இரண்டாவது ஓனர், சர்வீஸ் புத்தகத்தில் 1,60,000 வரை முத்திரை உண்டு, அதற்குப் பிறகு "வெளியே நல்ல மெக்கானிக்கிடம்" பார்த்திருக்கிறார். மீன்பிடி படகு இழுத்த வண்டி. அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து, படத்தில் பளபளவென்று தெரிகிறது.

தேவை இதுதான்: ஆண்டுக்கு இரண்டு தரம் லெசோத்தோ எல்லைக்கு ஏறும் சானி கணவாய் மலைச்சாலை, ஒரு தரம் கோசி பே மணல், மற்ற நாளெல்லாம் டோங்காட்டிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு. நேரில் போவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீசல்_மாமா:
தம்பி, கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீங்க. இந்த இன்ஜின் ஒழுங்காகப் பார்த்தால் 4 லட்சமும் ஓடும், பார்க்காமல் விட்டால் 2 லட்சத்திலேயே படுத்துவிடும். இது 1கேடி இன்ஜின். இதற்கு ஒரு பிறவிக் குறை உண்டு, முதலில் அதைப் புரிஞ்சுக்கோங்க.

நாலு இன்ஜெக்டருக்கும் அடியில் செம்பு வாஷர் இருக்கும். ஆரம்ப வருஷ வண்டிகளில் அந்த வாஷர் சரியாக அடைக்காமல், எரிந்த வாயு மேலே கசியும். அந்தக் கரி வால்வு மூடிக்குள் வந்து எண்ணெயோடு கலந்து தார் மாதிரி கெட்டியாகும். அது சம்புக்கு (இன்ஜின் அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்கு) இறங்கி, எண்ணெய் பம்ப் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். வலை அடைபட்டால் எண்ணெய் அழுத்தம் குறையும், முதலில் டர்போ போகும், பிறகு பேரிங். நாலு சிறிய செம்பு வளையத்தை நேரத்துக்கு மாற்றாததற்கு முழு இன்ஜினையே விலையாகக் கொடுக்கிற கதை இது.

பார்க்கிற வரிசை:

இன்ஜின் குளிர்ந்திருக்கணும். போனதும் பானெட் மேல் கை வையுங்க. சூடாக இருந்தால் "நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிடுங்க. முன்கூட்டியே ஓடவிட்டு வைத்த டீசல் வண்டி அதன் நோயை மறைச்சிடும்.

எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடிங்க. டீசல் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கும், அது குற்றமில்லை. பொருக்கு பொருக்காகக் கரி ஒட்டியிருந்தால், விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடினால், வாஷர் கசிஞ்சிருக்கு.

சாவி திருப்பி ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய் விளக்கு எத்தனை விநாடியில் அணையுது என்று எண்ணுங்க. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டு மூன்று விநாடி சரி. அதைத் தாண்டி எரிந்தால் வலை மேல் சந்தேகம்.

ஸ்டார்ட் ஆன முதல் நிமிஷம் இன்ஜெக்டர் பக்கம் காது கொடுங்க. "சஃப் சஃப்" என்று மூச்சு விடுகிற சத்தம் வந்தால் வாயு கசியுது. "டக் டக்" என்று சுத்தியலால் தட்டுகிற மாதிரி வந்து, சூடானதும் குறைந்தால் இன்ஜெக்டர் தேய்ந்திருக்கு. தேய்ந்த இன்ஜெக்டர் டீசலை அதிகமாகக் கொட்டும், அந்தச் சூட்டில் பிஸ்டன் தலை வெடிக்கும். இந்த இன்ஜினில் பிஸ்டன் வெடிப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பிறகு ஸ்கேனர் மாட்டி, ஐடிலில் நாலு இன்ஜெக்டரின் திருத்த அளவை (ஒவ்வொன்றுக்கும் கணினி கூட்டிக் குறைக்கிற டீசல் அளவை) படிக்கணும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கூட்டல் கழித்தல் 3க்குள் என்றால் ஓட்டலாம். அதைத் தாண்டியது எதுவோ அந்த சிலிண்டரை விடாமல் துருவணும்.

டைமிங் பெல்ட்: 1,50,000 கிமீக்கு ஒரு தரம். டாஷ்போர்டில் விளக்கு எரியும், ஆனால் பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. அதனால் விளக்கு எரியலை என்பது சாட்சி ஆகாது. பெல்ட்டும் டென்ஷனரும் மாற்றிய ரசீது வேணும். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்க.

உப்புக்காற்று:
மாமா இன்ஜினைச் சொல்லிவிட்டார். எனக்கு இந்த விளம்பரத்தில் உறுத்துவது இரண்டே வார்த்தைகள்: "படகு இழுத்த", "புதிதாகக் கறுப்பு பெயின்ட்".

இந்தக் கரையில் படகைக் கடலில் இறக்குகிற இடங்களில் வண்டியின் பின்பாதி உப்புத் தண்ணீரில் நிற்கும். பொதுக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு 2002லிருந்து தடை இருந்தாலும், அனுமதி பெற்ற படகு இறக்கும் இடங்களில் இது அன்றாடக் காட்சி. அந்த வண்டியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் சேஸிஸ் உள்ளிருந்து அரிக்கும். சேஸிஸ் என்பது உள்ளே காலியான இரும்புப் பெட்டி. உப்பு மணல் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தார் பெயின்ட் அடித்தால் அந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எடுத்துப் போங்கள்: ஒரு டார்ச், மொட்டையான ஒரு திருப்புளி, சின்ன சுத்தியல், விரித்துப் படுக்க ஒரு சாக்கு. கழுத்து சுளுக்கும், அதற்குப் பரிகாரம் இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு "ணங்" என்று மணி போல ஒலிக்கும். அரித்த இடம் "தொப்" என்று அட்டையைத் தட்டியது போல ஒலிக்கும். தொப் என்ற இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். பெயின்ட் உடைந்து பழுப்பு ஏடு உரிந்தால் அங்கே தொல்லை. திருப்புளி உள்ளே போனால் பேச்சே வேண்டாம்.

பிறகு பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பின் குறுக்குச் சட்டம், டோபார் (படகை மாட்டி இழுக்கும் சட்டம்) போல்ட்டுகளைச் சுற்றியுள்ள இரும்பு, பாடி மவுன்ட் கால்கள், டேங்க் பட்டை, சேஸிஸ் ஓரமாக ஓடும் பிரேக் குழாய். பிரேக் குழாயை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும், கரடுமுரடாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வெடிக்கக்கூடியது அது.

இன்னொரு சோதனை, பலரும் செய்யாதது. இந்த வண்டியில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் தொங்கும். ஜாக்கி கைப்பிடியைப் போட்டு அதைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். கடல் பார்த்த வண்டியில் அந்தச் சங்கிலிச் சுருள் துருப்பிடித்து இறுகியிருக்கும், இறங்கவே இறங்காது. இறங்கினால், டயர் மறைத்திருந்த சேஸிஸைப் பாருங்கள். அங்கே பெயின்ட் பிரஷ் எட்டியிருக்காது, உண்மை நிறம் தெரியும்.

பின் பிரேக் டிரம் வகை. ஒரு டிரம்மையாவது கழற்றிப் பார்க்க முடிந்தால் மணலும் உப்புப் பொடியும் கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

பழைய_லேண்டி:
எல்லாரும் ஃபார்ச்சூனரிலேயே நிற்கிறீர்களே. இதே விலைக்கு 3.2 டீசல் பஜேரோ கிடைக்கும், அதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். சொகுசும் அதிகம். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 டிடி5 டீசல் இன்னும் மலிவு.

டீசல்_மாமா:
பஜேரோ நல்ல வண்டி, மறுக்கலை. ஆனால் அதிலும் செயின் தளர்ந்து குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது கிலுகிலுக்கும், டிரான்ஸ்ஃபர் பெட்டியில் 4x4 நிலையை மாற்றுகிற மின்மோட்டார் மக்கர் பண்ணினால் டாஷ்போர்டில் சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதோடு மூன்றாம் தலைமுறையிலிருந்து பஜேரோவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. துருப்பிடித்தால் வெட்டி ஒட்டுகிற வேலை.

டிடி5 வாங்கினால் ஒன்று செய்யுங்க: இன்ஜின் கணினியில் செருகியிருக்கிற சிவப்பு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. இன்ஜெக்டர் ஒயருக்குள்ளே ஊர்ந்து எண்ணெய் அங்கே வரைக்கும் வந்திருக்கும். லேண்டி ஆட்கள் கோபிக்க வேண்டாம், கைவசம் இன்னொரு வண்டி இருக்கிறவங்களுக்கு அது நல்ல வண்டிதான்.

பழைய_லேண்டி:
கோபம் இல்லை மாமா, என்னிடம் இன்னொரு வண்டி இருக்கிறதே :) ஆனால் ஒரு கேள்வி. ஆண்டுக்கு மூன்று பயணத்துக்காக 4x4 எதற்கு? டிஃப் லாக் (பின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது) உள்ள 4x2 ஹைலக்ஸ் பக்கி (பிக்-அப்) போதாதா?

லோரேஞ்ச்:
சானி கணவாய்க்குப் போதாது. எல்லைச் சாவடியில் 4x4 இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். உச்சி ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரம், கூர்மையான கொண்டையூசி வளைவுகள், தெற்குப் பார்த்த நிழலில் பனிக்கட்டி. இறங்கும்போதுதான் லோ ரேஞ்சின் (மெதுவாக, வலுவாக இழுக்கும் கியர் நிலை) அருமை தெரியும், முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் வரலாம். கோசி பே முகத்துவாரத்துக்கும் 4x4 கட்டாயம். (பக்கி வாங்கினால் கடன் பாக்கி என்று எங்கள் வீட்டில் ஒரு சொலவடை. அது தனி.)

இனி 4x4 பகுதியைச் சோதிப்பது. முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 4x4 எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, நடுவில் ஒரு டிஃப் (முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல்) உண்டு. ஹைலக்ஸ் அப்படியில்லை, அதில் தேவைப்படும்போது மட்டுமே முன் சக்கரம் சேரும். அதனால் ஹைலக்ஸுக்குச் சொல்லும் சோதனையை இதில் செய்யாதீர்கள்.

இதன் சின்ன லீவரில் எச் (சாதாரண ஓட்டம்), எச்எல் (நடு டிஃப் பூட்டியது), என் (நியூட்ரல்), எல்எல் (லோ ரேஞ்ச், பூட்டியது) என்று நிலைகள். முதலில் எச்சில் வைத்துத் தார் போட்ட காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடியுங்கள், இரண்டு பக்கமும். வண்டி தடையில்லாமல் சுற்ற வேண்டும். யாரோ பின்னால் இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் நடு டிஃப் பூட்டிய நிலையிலேயே சிக்கியிருக்கிறது. முன் சக்கரப் பக்கம் "கடக் கடக்" என்றால் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு) தேய்ந்திருக்கிறது.

அடுத்து மண் சாலைக்குப் போய் எச்எல் போடுங்கள். டாஷ்போர்டில் டிஃப் பூட்டு விளக்கு நின்று எரிய வேண்டும். இப்போது ஒடித்தால் இறுகும், அது சரியான நடத்தை. மறுபடி எச்சுக்குக் கொண்டுவந்து நேராகச் சில மீட்டர் ஓட்டினால் விளக்கு அணைய வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து எல்எல். லீவர் கல் போல நகர மறுத்தால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடவில்லை. எல்எல் முதல் கியரில் சின்ன மேட்டில் ஏறுங்கள், ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். கியர் நழுவி வெளியே வரக்கூடாது.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அடியில் ஒரு "டொங்" வருகிறதா? பெரும்பாலும் புரொப் ஷாஃப்ட் (அடியில் நீளவாக்கில் சுழலும் தண்டு) சறுக்கும் இடத்தில் கிரீஸ் வறண்டதுதான். நிப்பிளில் கிரீஸ் அடித்தால் போய்விடும். அதை டிஃப் போய்விட்டது என்று நினைத்து நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள், விற்பவரிடம் விலை குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டி, சிலுவை ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின் டிஃப்பின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரல்விட்டு எண்ணெய் எடுங்கள். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகு வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியது: சூடான டிஃப்பைக் குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

டயர்: 265/65ஆர்17, நான்கும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். முன்னே புதுசு பின்னே பழசு என்று கலந்திருந்தால் நடு டிஃப் ஓயாமல் வேலை செய்து தேயும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

மரிட்ஸ்பர்க்_அக்கா:
காகிதத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

பதிவுச் சான்றிதழில் ஓனர் (வண்டியை வைத்து ஓட்டுபவர்) பெயரும் டைட்டில்ஹோல்டர் (சட்டப்படி உரிமை உள்ளவர்) பெயரும் தனித்தனியாக இருக்கும். டைட்டில்ஹோல்டர் இடத்தில் வங்கி பெயர் இருந்தால் கடன் தீரவில்லை, கையில் காசு கொடுக்காதீர்கள். தீர்வுத் தொகையை வங்கிக்கே நேரடியாகக் கட்டுங்கள்.

அதே தாளில் வண்டியின் குறியீடு. 2 என்றால் பயன்படுத்திய வண்டி, வேண்டியது இதுதான். 3 என்றால் விபத்தில் நொறுங்கி மறுபடி கட்டியது. பாதி விலைக்குக்கூட யோசிக்க வேண்டும், இன்ஷூரன்ஸும் மறுவிற்பனையும் தகராறு. 4 என்றால் அது சாலைக்குத் திரும்பவே கூடாத வண்டி.

சேஸிஸில் பொறித்த எண்ணையும் இன்ஜின் எண்ணையும் தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் அல்லது தேய்த்த தடம் இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் திருடர்கள் விரும்பும் வண்டிகள். மைக்ரோடாட் (திருட்டைக் கண்டுபிடிக்க வண்டியில் ஒட்டும் நுண்ணிய அடையாளப் புள்ளிகள்) இல்லையே என்று பயப்பட வேண்டாம், அது 2012 செப்டம்பரிலிருந்து முதல் பதிவான வண்டிகளுக்குத்தான் கட்டாயம்.

ரோட்வொர்தி (சாலையில் ஓடத் தகுதி) சான்றிதழ் 60 நாள் செல்லும். விற்பவர் கையில் ஏற்கெனவே இருந்தாலும், நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிலையத்தில் இன்னொரு தரம் எடுங்கள். அது பிரேக், ஸ்டியரிங், விளக்கு பார்க்கும் சோதனைதான், இன்ஜெக்டரையும் எண்ணெய் வலையையும் அது பார்க்காது. வாங்கியபின் 21 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்.

டோங்காட்_கரும்பு:
எல்லோருக்கும் நன்றி. வண்டியைப் பார்த்துவிட்டேன். கண்டது அப்படியே:

பானெட் குளிர்ச்சி. எண்ணெய் விளக்கு அணைய 6 விநாடி. மூடிக்கு உள்ளே பொருக்கு உண்டு, நெருடியது. ஸ்கேனரில் ஐடில் அளவு, 1 முதல் 4 வரை: +0.4, −1.1, +3.6, −2.9. பெல்ட் ரசீது இல்லை. டிஃப் எண்ணெய் தெளிவு. எச்எல், எல்எல் இரண்டும் சரியாக விழுந்தன. கிளம்பும்போது டொங் உண்டு. ஸ்டெப்னி இறங்கவில்லை, கைப்பிடி வளைந்ததுதான் மிச்சம். சம்ப் கழற்றிப் பார்க்க அனுமதிக்கிறார், கூலி நான் கொடுக்க வேண்டுமாம். விலை 1,45,000க்கு இறங்கினார்.

டீசல்_மாமா:
மூன்றாவது சிலிண்டருக்குக் கணினி கூடுதலாக டீசல் ஊற்றுது, அந்த சிலிண்டர் பலவீனம் என்று அது நினைக்குது. காரணம் இன்ஜெக்டரா, சிலிண்டரா? கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, குளோ பிளக் ஓட்டை வழியாக நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்ப்பது. எண்ணிக்கையை விட வேறுபாடு முக்கியம், மூன்றாவது மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இன்ஜின் பிரிக்கிற வேலை. இன்னொன்று, 2ஆம் 3ஆம் இன்ஜெக்டரை இடம் மாற்றிப் போட்டு மறுபடி அளவு படிப்பது. 3.6 இரண்டாவதுக்குப் போனால் இன்ஜெக்டர், அங்கேயே நின்றால் சிலிண்டர். இடம் மாற்றினால் செம்பு வாஷர் நாலும் புதுசு போடணும், பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். இன்ஜெக்டர் தலையில் குறியீட்டு எண் பொறித்த வகை என்றால் கணினியிலும் அந்த எண்ணை மாற்றணும்.

6 விநாடியும் பொருக்கும் சேர்ந்தால் வலை பாதியாவது அடைபட்டிருக்கும். சம்ப் கழற்றினால் கேஸ்கெட் தேடாதீங்க, பேஸ்ட்தான். இரண்டு முகத்தையும் பிசுக்கு இல்லாமல் துடைத்து, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக ஒரே கோடாக இடணும். அதிகம் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்து அதுவே வலையை அடைக்கும். சிரிக்காதீங்க, அப்படி நடக்கிறது உண்டு. எண்ணெய் ஏறத்தாழ 7 லிட்டர் பிடிக்கும், கூடவே ஃபில்டர்.

என் கணக்கு: பெல்ட், வாஷர், வலை, ஒரு இன்ஜெக்டர். இது எல்லாம் பழுது பார்க்கக்கூடியது. விலையில் கழித்தால் எடுக்கலாம்.

உப்புக்காற்று:
மாமாவோடு இங்கே ஒத்துப்போக மாட்டேன். ஸ்டெப்னி இறங்கவில்லை என்றவுடன் எனக்கு இன்ஜின் பற்றிய ஆர்வமே போய்விட்டது. டோபாருக்குப் பக்கத்தில் குறுக்குச் சட்டத்தைத் தட்டினீர்களா?

டோங்காட்_கரும்பு:
தட்டினேன் அண்ணா. வலது பக்கம் "ணங்". இடது பக்கம் டோபார் போல்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் "தொப்". திருப்புளியை அழுத்தினேன், தார் பெயின்ட் உடைந்து முனை ஒரு அங்குலம் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது ஈர மணல் ஒட்டியிருந்தது. விற்பவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் விலையைக் குறைத்தார்.

டீசல்_மாமா:
அதை ஏன் தம்பி கடைசியில் சொல்றீங்க? என் கணக்கை அழிச்சிடுங்க. இன்ஜினை மாற்றலாம், ஈர மணல் நிறைந்த சேஸிஸை என்ன பண்றது?

பழைய_லேண்டி:
தகடு வைத்து வெல்டிங் செய்தால்?

உப்புக்காற்று:
வெல்டிங் பிடிக்கப் பக்கத்தில் நல்ல இரும்பு வேண்டும். உள்ளிருந்து அரித்த பெட்டியில் ஓட்டைக்கு அரை அடி தள்ளியும் இரும்பு காகிதமாகத்தான் இருக்கும். புதுத் தகட்டின் விளிம்பில் பழைய இரும்பு கிழியும். அந்த இடத்தில் தொங்குவது டோபார், பின்னால் இழுப்பது ஒரு படகு, கீழே என்2 நெடுஞ்சாலை.

லோரேஞ்ச்:
தம்பி, கடலைப் பார்க்காத வண்டி தேடுங்கள். லேடிஸ்மித், நியூகாசில், டண்டீ பக்கம். மலைச்சாலை கீறல் இருக்கலாம், ஸ்டோன் சிப் இருக்கலாம், உப்பு இருக்காது. டீசல் பயம் இருந்தால் 4.0 வி6 பெட்ரோலும் இதே உடலில் வந்தது. டைமிங் செயின், இன்ஜெக்டர் தலைவலி கிடையாது. பெட்ரோல் குடிக்கும், நன்றாகவே குடிக்கும். தினமும் டர்பனுக்குப் போகிறவருக்கு அது உறைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டோங்காட்_கரும்பு:
அமன்சிம்டோட்டி வண்டியை விட்டுவிட்டேன். லேடிஸ்மித்தில் ஒரு 2009 டீசல், 2,10,000 கிமீ. பெல்ட் மாற்றிய ரசீதும் இன்ஜெக்டர் வாஷர் மாற்றிய ரசீதும் போனில் படமாக அனுப்பினார்கள். டோபாரே இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார்கள்.

டீசல்_மாமா:
சரி என்றுதான் எல்லாரும் சொல்வாங்க. போனதும் முதலில் பானெட்டில் கை, அப்புறம் வணக்கம்.

உப்புக்காற்று:
ஜாக்கி கைப்பிடி உங்களுடையதை எடுத்துப் போங்கள். ஸ்டெப்னியை இறக்காமல் டீ குடிக்க உட்காராதீர்கள்.